பயணத்தில் வரும் பேதிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாடு கிளம்புகிறவர்கள் தடுப்பூசி போடப் போகும்போது, பேதி வந்தால் போட்டுக்கொள்ள என்று டாக்டர்கள் ஒரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது உண்டு. அந்தச் சீட்டைக் கொண்டுவந்து மாத்திரை வாங்குகிறவர்கள் மருந்தாளுநரான என்னிடம் கேட்பவைதான் இந்தக் கேள்விகள். மாத்திரை எது என்பதைவிட, எப்போது போட வேண்டும் என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் உங்களுக்கென்று வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

பேதிதானே, ஊர்ல இருக்கும்போதும்தான் வருது. பயணத்துக்குன்னு எதுக்குத் தனியா மருந்து?

புது இடத்துத் தண்ணீரிலும் உணவிலும் உங்கள் குடலுக்குப் பழக்கமில்லாத கிருமிகள் இருக்கும். பயணத்தில் வரும் பேதியில் பெரும்பங்கு பாக்டீரியாவால் வருவது. குடலில் நச்சைச் சுரக்கும் ஒருவகை ஈ.கோலை, கேம்பைலோபாக்டர், ஷிகெல்லா, சால்மோனெல்லா ஆகியவை முக்கியமானவை. நோரோவைரஸ் போன்ற வைரஸ்களாலும் வரும். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளால் வருவது குறைவு, ஆனால் வந்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டும்தான் அடக்கும். வைரஸால் வந்த பேதிக்கு அதைப் போட்டு ஒரு பயனும் இல்லை. தெரியாத ஊரில், மொழி புரியாத இடத்தில் டாக்டரைத் தேடி அலைய முடியாமல் படுத்துவிட்டால் கைவசம் இருக்கட்டும் என்றுதான் முன்கூட்டியே எழுதித் தருகிறார்கள்.

வயிறு கலங்கினதுமே போட்டுடலாமா?

வேண்டாம். முதலில் உங்கள் நிலைமை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை தண்ணியாகப் போனது, ஆனாலும் எழுந்து நடமாட முடிகிறது, போட்டிருந்த திட்டம் கெடவில்லை என்றால் அது லேசான பேதி. அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. வெளியே போக முடியவில்லை, கூட்டத்துக்கோ பேருந்துக்கோ போனால் சமாளிக்க முடியாது என்ற அளவுக்குத் தொந்தரவு இருந்தால் அது நடுத்தரம். இதில் போடலாம், போடாமலும் இருக்கலாம். முதலில் நீர் உப்புக் கரைசலும் பேதியைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும் போதுமா என்று பார்ப்பது நல்லது. படுக்கையை விட்டு எழ முடியவில்லை, அல்லது மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் அது கடுமையான பேதி. ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

என்னிடம் வாங்குகிறவர்களுக்கு மாத்திரை அட்டையின் பின்னால் ஒரு சின்னச் சீட்டை ஒட்டிக் கொடுப்பேன். அதில் இப்படி எழுதியிருக்கும்: “ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, நடமாட முடிகிறது என்றால் இன்றைக்குப் போட வேண்டாம்.” நள்ளிரவில் வயிறு முறுக்கும்போது யாருக்கும் நிதானமாக யோசிக்க வராது. அந்த நேரத்தில் மாத்திரையை எடுக்கும் கை சீட்டைக் கட்டாயம் தொடும்.

போடாம விட்டா தானா சரியாகுமா? எத்தனை நாள் ஆகும்?

பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பாக்டீரியாவால் வந்தது மருந்தில்லாமல் 3 முதல் 7 நாள் வரை இருக்கும். வைரஸால் வந்தது 2, 3 நாளில் அடங்கும். ஆன்டிபயாடிக் போட்டால் பாக்டீரியா பேதி ஒரு நாளோ அதற்குச் சற்று மேலாகவோ முன்னதாக நிற்கும். லேசாகப் போகிறவருக்கு இது பெரிய லாபமில்லை. எழ முடியாமல் கிடக்கிறவருக்கு அந்த ஒரு நாள் ரொம்பப் பெரிது.

ஒரே ஒரு வேளை மாத்திரைதானே, சும்மா போட்டு வச்சா என்ன கெட்டுடும்?

எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்ளும் விஷயம் இது. குடலில் நல்ல பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கும் வரை வெளியிலிருந்து வரும் கிருமிகள் சுலபமாகக் காலூன்ற முடியாது. ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்தே அழிக்கிறது. அப்படிக் காலியான இடத்தில், பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் குடியேற வாய்ப்பு கூடுகிறது.

2015-ல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்று, வெப்பமண்டல நாடுகளுக்குப் போய்வந்த 430 பேரைப் பரிசோதித்தது. பேதியும் வராமல் ஆன்டிபயாடிக்கும் எடுக்காமல் திரும்பியவர்களில் 11 சதவீதம் பேர் மருந்துக்கு அடங்காத குடல் பாக்டீரியாவைச் சுமந்து வந்திருந்தார்கள். பேதி வந்தும் ஆன்டிபயாடிக் எடுக்காதவர்களில் 21 சதவீதம். பேதி வந்து ஆன்டிபயாடிக்கும் எடுத்தவர்களில் 37 சதவீதம். அவர்களில் பெரும்பாலோருக்கு உடனே ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. ஆனால் சில மாதங்களில் சிறுநீர்த் தொற்று வந்து, வழக்கமான மருந்து வேலை செய்யாமல் போனால்தான் அதன் விலை தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தக் கிருமி பரவக்கூடும்.

பயந்துபோய்த் தேவைப்படும்போதும் போடாமல் இருந்துவிட வேண்டாம். தேவையில்லாதபோது போடாமல் இருந்தால் போதும்.

அப்போ முதல்ல என்ன செய்யணும்?

ஓ.ஆர்.எஸ்., அதாவது மேலே சொன்ன நீர் உப்புக் கரைசல். ஆன்டிபயாடிக் போட்டாலும் போடாவிட்டாலும் இது கட்டாயம். பேதியில் ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் உடம்பிலிருந்து போகும் தண்ணீரும் உப்பும்தான். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து இருந்தால் பேதி போய்க்கொண்டிருக்கும்போதே குடல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெறும் தண்ணீருக்கு அந்தத் திறன் இல்லை.

பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பாதிப் பாதியாக இரண்டு டம்ளரில் போட்டுக் கலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் உப்பு அதிகமாகிவிடும், தாகமும் வாந்தியும்தான் கூடும். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வாந்தி இருந்தால் மடக்கு மடக்காகக் குடிக்காமல், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்று எடுத்துக்கொண்டால் தங்கும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக, வழக்கம்போல் போனால் போதுமான நீர் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

எனக்கு அசித்ரோமைசின் எழுதியிருக்காங்க. எப்படிச் சாப்பிடணும்?

பெரியவர்களுக்கு இரண்டு விதம் வழக்கத்தில் உண்டு. 1000 மில்லிகிராமை ஒரே தடவையாக எடுப்பது ஒன்று. தினம் 500 வீதம் 3 நாள் எடுப்பது இன்னொன்று. உங்கள் சீட்டில் எது இருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்பே படித்துப் புரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1000 மில்லிகிராமை ஒரே நேரத்தில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும். அப்படியானால் 500-ஐ இப்போதும் அடுத்த 500-ஐ அதே நாளில் சில மணி நேரம் கழித்தும் எடுக்கலாமா என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம், ஆனால் எதையாவது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வயிறு அவ்வளவு புரட்டாது.

ஆன்டிபயாடிக்னா கோர்ஸை முடிச்சே ஆகணும்னு சொல்வாங்களே. நின்னதும் விட்டுடலாமா?

இந்தப் பேதி விஷயத்தில் பதில் சற்று வேறு. ஒரு வேளை மருந்திலேயே பலருக்கும் நின்றுவிடுகிறது. அதனால் பயண மருத்துவ வழிகாட்டுதல்களே ஒரு வேளை எடுத்து, 24 மணி நேரத்தில் சரியாகிவிட்டால் அத்தோடு நிறுத்தலாம், சரியாகவில்லை என்றால் 3 நாள் வரை தொடரலாம் என்கின்றன. ஆனால் ரத்தபேதியோ காய்ச்சலோ இருந்தால் டாக்டர் சொன்ன நாள்கணக்கை முழுதாக முடியுங்கள். சீட்டில் “3 நாள் கட்டாயம்” என்று எழுதியிருந்தாலும் அப்படியே.

காசநோய், நிமோனியா போன்றவற்றுக்குக் கொடுக்கும் மருந்துக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே பாதியில் நிறுத்துவது ஆபத்து.

என் அண்ணனுக்குப் பல வருஷம் முன்னாடி சிப்ரோஃப்ளாக்சசின்தான் கொடுத்தாங்க. எனக்கு ஏன் வேற?

ஒரு காலத்தில் பயணப் பேதிக்குச் சிப்ரோஃப்ளாக்சசின்தான் முதல் மருந்து. பிறகு தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கி, தெற்காசியா உட்படப் பல பகுதிகளில் கேம்பைலோபாக்டர் அதற்கு அடங்காமல் போய்விட்டது. ஷிகெல்லாவும் அதே வழியில் போகிறது. அங்கெல்லாம் இப்போது அசித்ரோமைசினுக்குத்தான் முன்னுரிமை. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் எந்த ஊராக இருந்தாலும் பெரும்பாலும் அசித்ரோமைசின்தான்.

இன்னொரு காரணம் பக்கவிளைவு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். குதிகால் தசைநார் வீங்கி அறுந்துபோகலாம் என்று 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் குடும்பத்துக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை வைத்தது (மருந்தோடு வரும் தகவல் தாளில் கட்டம் போட்டு அச்சிடும், மிகக் கடுமையான எச்சரிக்கை அது). தசைநார், மூட்டு, நரம்பு, மனநிலை ஆகியவற்றில் நீடித்த பாதிப்பு வரலாம் என்று 2016-ல் அதை இன்னும் கடுமையாக்கியது. அறுபது வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்து மாத்திரை போட்டபின் குதிகாலுக்கு மேலே வலித்தால் அடுத்த வேளையைப் போடாமல் டாக்டரிடம் பேசுங்கள். அண்ணனின் பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோவதை விட்டுவிடுங்கள்.

ரிஃபாக்சிமின்னு ஒண்ணு இருக்காமே, அது உடம்புல சேராதாம். அதுதானே நல்லது?

அது குடலிலேயே தங்கி வேலை செய்யும், ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும் என்பது உண்மை. 200 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, 3 நாள் என்பது வழக்கமான அளவு. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தருவது. தண்ணியாகப் போகும் பேதிக்கு நல்ல மருந்துதான். ஆனால் குடல் சுவரைத் துளைத்து உள்ளே போகும் கிருமிகளிடம் அது எடுபடாது. ஆகவே காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதை நம்பி இருக்கக் கூடாது.

பேதி நிக்கிறதுக்கு லோப்பரமைடு வச்சிருக்கேன். ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?

பெரியவர்கள் சேர்த்துப் போடலாம். ஆன்டிபயாடிக் மட்டும் போடுவதைவிடச் சேர்த்துப் போடும்போது சீக்கிரம் நிற்கிறது. லோப்பரமைடு குடலின் வேகத்தைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. முதலில் 4 மில்லிகிராம், அதாவது வழக்கமான மாத்திரையில் இரண்டு. அதன்பின் ஒவ்வொரு முறை தண்ணியாகப் போனதும் ஒன்று. டாக்டர் சொல்லாமல் நாளைக்கு 8 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

மலத்தில் ரத்தமோ, காய்ச்சலோ இருந்தால் லோப்பரமைடை மட்டும் போட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. வயிறு உப்பி வலி கூடினால் உடனே நிறுத்துங்கள். குழந்தைகளுக்கு நீங்களாகத் தரவே வேண்டாம்.

ரத்தம் போகுது, ஆனா காய்ச்சல் இல்லை. மாத்திரையைப் போட்டுடட்டுமா?

இது நுணுக்கமான இடம். ரத்தம் தெரிந்தால் கடுமையான பேதி என்று மேலே சொன்னேன். ஆனாலும் காய்ச்சலே இல்லாமல், கடுமையான வயிற்று வலியோடு ரத்தமாகப் போனால் ஷிகா நச்சைச் சுரக்கும் ஒருவகை ஈ.கோலையாக இருக்கலாம். அதில் ஆன்டிபயாடிக் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒரு சிக்கலை, அதிலும் குழந்தைகளுக்கு, வரவழைக்கக்கூடும். அதனால் டாக்டரைப் பார்க்க வழியிருந்தால், மாத்திரைக்கு முன் டாக்டர்தான். மலத்தைப் பரிசோதிக்கக் கொடுப்பதும் முதல் வேளை மாத்திரைக்கு முன்பாக இருந்தால் கிருமி தெளிவாகத் தெரியும்.

மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துட்டேன். திரும்பப் போடணுமா?

வாந்தியில் மாத்திரை அப்படியே தெரிந்தாலோ, போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்றாலோ மருந்து உள்ளே போகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். குமட்டல் அடங்கி, கரைசல் தங்க ஆரம்பித்தபின் திரும்பப் போடலாமா என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ போனிலாவது கேளுங்கள். இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் பொதுவாகத் திரும்பப் போடத் தேவையில்லை. எதுவுமே தங்காமல் வாந்தி வந்துகொண்டே இருந்தால் மாத்திரையை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும்.

நான் தினமும் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிடுறேன். ஒத்துக்குமா?

ஒத்துக்கொள்ளுமா என்பதைவிட, அந்த மாத்திரைகளைப் பேதி நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீர் போக வைக்கும் மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். மெட்ஃபார்மினும், கிளிஃப்ளோசின் என்று முடியும் பெயருள்ள சுகர் மாத்திரைகளும் நீர் வற்றிய நிலையில் ஆபத்தைத் தரலாம். எதைத் தற்காலிகமாக நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று ஒரு தாளில் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தவே கூடாது.

ஆன்டிபயாடிக்கைப் பொறுத்தவரை, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அசித்ரோமைசின் எழுதும்போதே அதைச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அசித்ரோமைசினாலும் சிப்ரோஃப்ளாக்சசினாலும் ரத்தம் உறைவது இன்னும் குறையலாம். சுகர் மாத்திரையோடு சிப்ரோஃப்ளாக்சசின் சேரும்போது சிலருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும். தசைப்பிடிப்புக்குத் தரும் டிசானிடினோடு சிப்ரோஃப்ளாக்சசின் சேரவே கூடாது. வயிற்று அமிலத்தை முறிக்கும் மருந்து (ஆன்டாசிட்), இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் சிப்ரோஃப்ளாக்சசினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோஃப்ளாக்சசினை எடுங்கள்.

கருத்தடை மாத்திரை எடுக்கிறவர்கள்: கடுமையான பேதி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மாத்திரையைத் தவறவிட்ட நாள்போலக் கணக்கில் கொள்ளுங்கள்.

கர்ப்பமா இருக்கேன். குழந்தையும் கூட வருது. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்தா?

கர்ப்பிணிகளுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால் பொதுவாக அசித்ரோமைசினைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்தைத் தவிர்ப்பார்கள். கர்ப்பத்தில் நீர் வற்றுவது சீக்கிரம் சிக்கலாகும் என்பதால், நீங்கள் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடக் கூடாது.

குழந்தைக்கும் தேவைப்பட்டால் அசித்ரோமைசின்தான், ஆனால் எடைக்கேற்ற அளவு. வழக்கமாக ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு ஒரு வேளை, 3 நாள். பெரியவர் மாத்திரையைக் குத்துமதிப்பாக உடைத்துக் கொடுக்கக் கூடாது. பொடியாக வரும் சிரப்பைக் கலக்காமலே கொண்டுபோங்கள், கலந்தபின் சில நாள்தான் இருக்கும். குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்.ஸும் தாய்ப்பாலும் நிற்கவே கூடாது. கண் குழிந்து, அழும்போது கண்ணீர் வராமல், துவண்டு கிடந்தால் மருந்தைத் தேடிக்கொண்டு இருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கூட வந்தவருக்கும் அதே சாப்பாட்டால பேதி. என் மாத்திரையில பாதியைக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். பாதி அளவு இருவருக்குமே போதாது. அவருக்கு ஒவ்வாமை இருக்கிறதா, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

முக்கியமான வேலையாப் போறேன். வராம இருக்க முன்னாடியே தினம் ஒண்ணு போட்டுக்கலாமா?

பேதி வரும் வாய்ப்பு குறையும் என்பது உண்மைதான். இருந்தும் 1985-லேயே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, பயணிகள் எல்லோருக்கும் இப்படித் தர வேண்டாம் என்றது. இன்றைய வழிகாட்டுதல்களும் அதையேதான் சொல்கின்றன. நாலாவது கேள்வியில் சொன்ன கெடுதல்கள் எல்லாம் இதிலும் உண்டு, அதுவும் நோயே இல்லாத உடம்பில். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும், குறுகிய பயணத்துக்கு, டாக்டர் யோசித்துத் தருவார். அப்போது பெரும்பாலும் ரிஃபாக்சிமின்தான்.

ரெண்டு நாள் போட்டும் நிக்கலை. கூடவே மெட்ரோநிடசோல்னு இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் போட்டுப் பார்க்கட்டுமா?

நீங்களாக மருந்துக்கு மேல் மருந்து சேர்க்க வேண்டாம். 48 மணி நேரத்தில் குறையவே இல்லை என்றால் ஒன்று அது வைரஸ், அல்லது கிருமி அந்த மருந்துக்கு அடங்கவில்லை, அல்லது ஒட்டுண்ணி, அல்லது வேறு நோய். இந்த நான்கையும் பிரித்துச் சொல்லப் பரிசோதனை வேண்டும். கஞ்சித் தண்ணீர்போல ஓயாமல் ஊற்றினால் காலராவாக இருக்கலாம். அப்போது நாள்கணக்கு பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. மலேரியா உள்ள பகுதியில் காய்ச்சலோடு பேதி என்றால், வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டாமல் ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். மலேரியாவிலும் பேதி வரும்.

ஊருக்குத் திரும்பி மாசம் ஒண்ணாச்சு. மறுபடியும் பேதி. மீதி மாத்திரை இருக்கு, அதையே போட்டுக்கலாமா?

இதற்கு அந்த மாத்திரை வேண்டாம். இப்போது வந்திருப்பது பெரும்பாலும் முன்பு வந்த அதே பேதி இல்லை. 14 நாளைத் தாண்டி இழுக்கிறது, ஏப்பம், வாயு, வயிறு உப்பல், எடை குறைதல் என்றால் ஜியார்டியாவைத் தேட வேண்டும். அதற்கு டினிடசோல் போன்ற வேறு மருந்து. கிருமி போனபின்னும் குடல் சில மாதம் கூச்சத்தோடு இருந்து அடிக்கடி போகவைப்பதும் உண்டு. அதற்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். ஆன்டிபயாடிக்கால் காலியான குடலில் வளரும் பாக்டீரியா இது. மருந்து எடுத்து இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூடக் கடுமையான பேதியைத் தரும். மீதி மாத்திரையைப் போட்டால் இது இன்னும் மோசமாகும். டாக்டரிடம் போகும்போது எந்த நாட்டுக்குப் போனீர்கள், எந்த ஆன்டிபயாடிக்கை எந்தத் தேதியில் எத்தனை வேளை எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். நினைவில்லை என்றால் காலி அட்டையையும் மீதி மாத்திரையையும் அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.